திரும்பி வராத கரண்டு

கரண்டு போன பிறகும் தையல் மிஷின் பதினோரு தையல் போட்டது என்று மனைவி சொன்னபோது அவன் சிரித்தான்.

சிரிக்காமல் வேறென்ன செய்வான்? பத்தொன்பது வருடமாக அந்த ஊரில் பாதி வீடுகளுக்கு வயர் இழுத்தவன். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்துபோகும் அளவுக்குத் தெருவில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவன் 'கரண்டு'தான். மோட்டார் சுற்றின வேகத்துக்குச் சக்கரம் நிற்க ஒரு மூச்சு நேரம் ஆகும், அதற்குள் நாலைந்து தையல் விழத்தான் செய்யும், இதற்கெல்லாம் பயந்தால் ஆகுமா என்று சொல்லிக்கொண்டே வாசல் சுவரிலிருந்த மெயின் பெட்டியைத் திறந்தான். கரண்டு கசிந்தால் தானாகவே லைனை அறுத்துவிடுகிற டிரிப்பர் கீழே விழுந்திருந்தது. அதன் கறுப்புக் கட்டையை மேலே தள்ளினான். வீடு திரும்ப வெளிச்சமானது.

மனைவி மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை அறுபது சட்டை, திங்கட்கிழமை காலைக்குள் கொடுத்தாக வேண்டும். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் காலரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"நாலஞ்சு இல்லைங்க, பதினொண்ணு. எண்ணினேன். நான் பெடல்லேர்ந்து காலையே எடுத்துட்டேன். இந்தச் சின்ன லைட்டும் எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

மிஷினின் கழுத்தில் ஊசிக்கு வெளிச்சம் காட்டுகிற சுண்டுவிரல் அளவு பல்பைச் சொன்னாள். அவன் தொட்டுப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது. எரிந்த பல்பு சூடாக இல்லாமல் பின்னே எப்படி இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கை கழுவப் போனான்.

மணி ஆறு பத்து. அந்த நேரத்தை அவன் ஏன் கவனித்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மூன்று முறை விழுந்தது. நாலு நாளாக விடாத மழை. சுவரெல்லாம் ஓதம் ஏறி, கையை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. அதனால் அவன் முதலில் மழையின் மேல் பழியைப் போட்டான்.

டிரிப்பர் ஒரு சந்தேகப் பிராணி. மெயினிலிருந்து வீட்டுக்குள் போகிற வயரும், வேலை முடிந்து திரும்பி வருகிற வயரும் அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஒரே வளையத்துக்குள் புகுந்துதான் போக வேண்டும். மின்சாரம் என்பது சுற்றி வருகிற சங்கதி. போகிற வழி ஒன்று, வருகிற வழி ஒன்று, இரண்டும் எங்கேயும் அறாமல் சேர்ந்தால்தான் பல்பு எரியும், மோட்டார் சுற்றும். போனது அத்தனையும் திரும்பி வந்துவிட்டால் டிரிப்பர் சிவனே என்று கிடக்கும். ஒரு துளி குறைந்தாலும் போதும், கண் இமைக்கிற நேரத்துக்குள் விழுந்து வீட்டையே இருட்டாக்கிவிடும். குறைந்தது எங்கே போயிற்று? ஈரச் சுவர் வழியாகவோ, இரும்புக் குழாய் வழியாகவோ, யாராவது ஒருவருடைய உடம்பு வழியாகவோ மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு வேறு போக்கிடம் கிடையாது.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவன் தொழில். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, மின்விசிறி, ஃபிரிட்ஜ், ஹீட்டர் என்று ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கினான். விழவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினான். விழவில்லை. மிஷின் ஒன்றுதான் பாக்கி. அதையும் செருகி, தானே ஸ்டூலில் உட்கார்ந்து பெடலை மிதித்து, ஒரு முழம் துணிக்குக் கோணல்மாணலாகத் தையல் போட்டான். அப்போதும் விழவில்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் உட்கார்ந்து, வழக்கம்போல வெறுங்காலைப் பெடலில் வைத்தாள்.

டக்.

இருட்டு.

தன் ராசி அப்படி என்றாள் அவள். அவன் சிரிக்கவில்லை. டிரிப்பரை ஏற்றிவிட்டு, போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்து கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் கொடுத்து, எங்கே இப்போது காலை வை என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தான். சரியாக இருந்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்பது காட்டியது. பதினேழு. முப்பத்தெட்டு. டக். முப்பத்தெட்டு மில்லி ஆம்பியர் போய்விட்டுத் திரும்பவில்லை. எர்த் வயரில் பார்த்தான், அங்கே ஒன்றுமே இல்லை. மிஷினை அக்கக்காகக் கழற்றினான். பெடலைப் பிரித்தான். புது மூணு பின் வயர் மாற்றினான். எங்கேயும் ஒரு கீறல் கிடையாது. வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து இப்படி ஒரு கசிவை அவன் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் விழுந்தபோது அவன் உள்ளறையில் இருந்தான். மழைமூட்டத்தில் ஜன்னல்கள் எப்போதோ கறுத்துவிட்டிருந்தன. டார்ச்சை எங்கே வைத்தோம் என்று அலமாரியைத் தடவிக்கொண்டிருக்கும்போது முதலில் அந்த வாடை வந்தது, நனைந்த தலைமுடியும் சோப்பும் சேர்ந்து, அடியில் எங்கேயோ ஒரு பொசுங்கல் நெடியோடு, குளித்துவிட்டு ஒருவர் பக்கத்தில் கடந்து போனால் வருமே அதைப்போல வெதுவெதுப்பாக, குளியலறைப் பக்கமிருந்து கூடத்தை நோக்கி நகர்ந்தது. பின்னாலேயே ஒரு ரீங்காரம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் நின்றால் பல்லில் உறைக்கும் அதே ஓசை. கரண்டே இல்லாத வீட்டில் எது இரையும்? அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அது கூடத்தில், மிஷின் இருந்த இடத்தில், நின்றது.

டார்ச் கிடைக்காமலே சுவரைப் பிடித்து ஓடி டிரிப்பரை ஏற்றினான். வெளிச்சத்தில் மனைவி மிஷினுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள், கத்தரிக்கோல் கையில். அவன் வாசலிலிருந்து வருவதைப் பார்த்து அவள் முகம் மாறியது.

"நீங்க அங்கயா இருந்தீங்க? பின்னாடி நிக்கிறீங்கன்னு நெனச்சேன். கழுத்துல கை வெச்சீங்களே, ஈரமா."

மழையில் கூரை எங்கேயாவது ஒழுகியிருக்கும் என்றான். அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது.

அவனுக்கு அந்த வாடையைத் தெரியும். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பேங்க்காரர் வீட்டில் அவர் மனைவி இறந்துபோனாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பகல் டியூட்டி முடிந்து ஆறு மணிக்கு வந்ததும் வராததுமாக ஹீட்டரைப் போட்டுக் குளிப்பாள். சாவதற்குச் சில நாள் முன்னால், ஹீட்டர் போட்டால் டிரிப்பர் விழுகிறது என்று பேங்க்காரர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். போனான். அந்த நர்ஸம்மா ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, குழாயைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கிறது தம்பி, அதையும் பார்த்துவிடு என்றாள். ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தால் அரை நாள் வேலை. அவனுக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. எறும்பு கடிச்சிருக்கும்மா என்று ஒரு ஜோக்கைச் சொன்னான். பேங்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு எல்லா வயர்மேனும் என்றைக்காவது ஒரு நாள் செய்கிற காரியத்தைச் செய்தான். டைரக்ட் கொடுத்தான். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, நாலு விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வயர். முனையைப் பல்லால் கடித்து உரித்து, டிரிப்பருக்குள் வருகிற வயர்களை வெளியே போகிறவற்றோடு நேராக இணைத்துவிட்டால் போயிற்று. டிரிப்பர் பெட்டிக்குள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். போனது திரும்பியதா என்று கேட்க ஆள் கிடையாது. இனிமேல் விழாது, தைரியமாகக் குளியுங்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

அதிலிருந்து பதினோராம் நாள் அவளைக் குளியலறையில் நின்ற நிலையில் கண்டார்கள். விழவில்லை. குழாயைப் பிடித்த பிடியை விடவும் இல்லை. பேங்க்காரர் கதவைத் தட்டிப் பார்த்து, கூப்பிட்டுப் பார்த்து, உடைத்தபோது மணி ஆறரை, அவள் குழாயைப் பிடித்து இருபது நிமிடம் ஆகியிருந்ததாம். கொஞ்சமாகப் பாய்கிற கரண்டு மனிதனைத் தூக்கி எறியாது, இறுக்கும். விரல் தானாக மூடிக்கொள்ளும், நெஞ்சு கட்டிக்கொள்ளும், கத்தவும் வராது. ஆனால் நினைவு இருக்கும். இருபது நிமிடமும் இருந்திருக்கும். இதெல்லாம் அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். டாக்டர் மாரடைப்பு என்றார். அழுகையும் கூச்சலுமாக இருந்த வீட்டில் அவன் பொறுப்பாக, 'நான் லைனைக் கொஞ்சம் பார்த்துடறேன்' என்று சொல்லி மெயின் பெட்டியைத் திறந்து, இரண்டு துண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பேங்க்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அதற்கும் அவன் தலையாட்டினான்.

மனைவிக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது. அந்தச் சாவுக்கு அவளும் வந்திருந்தாள். பாவம், நல்ல மனுஷி என்று இரண்டு நாள் சோறு சரியாக இறங்காமல் இருந்தாள். அவளிடம் எதைச் சொல்வது? அவள் ஒருத்திதான் அவனை ஒழுங்கான வேலைக்காரன் என்று இன்றுவரை முழுசாக நம்புகிறவள். அந்த நம்பிக்கை போய்விட்டால் பிறகு வீட்டுக்கு வருவதில் என்ன இருக்கிறது?

சனிக்கிழமை இரவு எட்டுக்குள் இன்னும் நாலு முறை விழுந்தது. ஒவ்வொரு இருட்டிலும் அந்த வாடை முன்னைவிடக் கிட்டத்தில் இருந்தது. மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிற மகராசன் வீட்டில் நான் மெழுகுவர்த்தியில் காஜா எடுக்க வேண்டுமா, இன்னும் இருபத்திரண்டு சட்டை இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்றாள். அவள் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. இருட்டு வராமல் இருந்தால் போதும் என்று அவனுக்கும் தோன்றியது. வெளிச்சத்தில் அது வருவதில்லையே. கை பழக்கம் வேறு. யோசிக்கிறதுக்குள் வேலைப் பையைத் துழாவி, அடியில் கிடந்த இரண்டு துண்டு வயரை எடுத்து, டைரக்ட் கொடுத்துவிட்டான்.

அதற்கப்புறம் விழவே இல்லை.

ஞாயிறு முழுக்க மிஷின் ஓடியது. மனைவி ஏதோ பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே தைத்தாள். அவன் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். கண் செருகுகிற நேரத்தில்தான் அது உறைத்தது. நேற்று ராத்திரி அந்தத் துண்டுகளை அவன் பல்லால் உரிக்கவில்லை. அவை ஏற்கெனவே உரித்துக் கிடந்தன. சரியான நீளத்தில். முனையில் பல் தடத்தோடு.

பேங்க்காரர் வீட்டிலிருந்து வந்த அன்றைக்கே தூக்கிப் போட்டிருக்கலாம், சட்டைப்பையிலிருந்து வேலைப் பைக்கு மாற்றி வைத்திருந்தான். எந்த வயர்மேன் நல்ல செம்பைத் தூக்கிப் போடுவான்?

எழுந்து போய்க் கழற்றிவிட வேண்டும் என்று நினைத்தான். கழற்றினால் டிரிப்பர் விழும். விழுந்தால் இருட்டு வரும். இன்னும் ஒன்பது சட்டைதான், சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று புரண்டு படுத்தான். மனிதன் தன்னிடமே பேரம் பேச ஆரம்பித்தால் எப்போதும் சல்லிசாகத்தான் முடியும்.

ஆறு மணி வாக்கில் மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையில் டெஸ்டர், அதன் தலையில் கட்டைவிரல். அந்த ஸ்குரூடிரைவருக்குள் ஒரு நெல்மணி விளக்கு. நுனி கரண்டைத் தொட்டால், தொடுகிறவனுடைய உடம்பு வழியாக ஒரு துளி மண்ணுக்கு இறங்கி விளக்கு எரியும். தொடுகிறவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. மனைவி நூல்கண்டை எடுக்கக் கையை நீட்டினாள். டெஸ்டரின் நுனி அவள் மணிக்கட்டில் உரசியது.

எரிந்தது.

அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். என்னங்க என்றாள் அவள். ஒன்றுமில்லை, கையைக் காட்டு என்று சொல்லி, ஊசி குத்துகிற டாக்டர் மாதிரி நுனியை மெல்ல வைத்தான். எரிந்தது. முழங்கையில் வைத்தான். எரிந்தது. காது மடலில். கரண்டு வருகிற ஃபேஸ் வயரில் வைத்தால்கூட இத்தனை பிரகாசமாக எரியாது. செக்கச்செவேலென்று, அவன் விரல் நகத்துக்குள் ரத்தம் தெரிகிற அளவுக்கு எரிந்தது. அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். அவளுடைய முன்நெற்றி முடி ஒவ்வொன்றாக எழுந்து நின்றுகொண்டிருந்தது.

"ஸ்டூல் மேல ஏறு."

"எதுக்கு?"

"ஏறுன்னா ஏறு. காலைத் தரையில வைக்காத."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மறுபேச்சில்லாமல் ஏறினாள். மர ஸ்டூல், காய்ந்த மரம். அதில் நிற்கும்வரைக்கும் பயமில்லை. கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அதன் வழியாகப் போய்ச் சேர இடமில்லை, சுற்று முடியவில்லை. மண்ணைத் தொட்டால்தான் முடியும். அவன் இதைத் தனக்குத்தானே சொன்னான். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதைப்போல இரண்டு முறை சொன்னான். வாசலோரம் கிடந்த தன் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"என்ன ஆச்சு? எங்கிட்ட சொல்லுங்க."

இதுதான் சமயம். சொல்லியிருக்கலாம். நர்ஸம்மாவைச் சொல்லியிருக்கலாம், வயர் துண்டைச் சொல்லியிருக்கலாம், அவள் புரிந்துகொண்டு அசையாமல் நின்றிருப்பாள்.

"ஒண்ணுமில்ல, சின்ன லீக்கேஜ். நான் சொல்ற வரைக்கும் இறங்காத."

அப்போது குளியலறையில் குழாய் திறந்தது.

யாரும் திறக்கவில்லை. திருகு கிறீச்சிடும் சத்தம், முதலில் ஒரு இருமல், பிறகு தண்ணீர் பக்கெட்டில்லாத தரையில் விழுகிற சத்தம். கதவின் கீழிருந்து ஆவி வந்தது. வெந்நீர். சோப்பு வாடை. தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் நாக்கை நீட்டிக்கொண்டு, நேராக ஸ்டூலை நோக்கி வந்தது. தரையின் வாட்டம் வாசல் பக்கம். அது அந்தப் பக்கம் போகவில்லை.

அவன் ஓடினான். மெயின் பெட்டி. அந்த இரண்டு துண்டையும் பிடுங்கினான். விரல் பொசுங்கியது, விடவில்லை, பிடுங்கி எறிந்தான். டிரிப்பர் விழவில்லை. மெயின் லீவரைக் கீழே இழுத்தான்.

வெளிச்சம் போகவில்லை.

மேலே தள்ளித் திரும்ப இழுத்தான். போகவில்லை. ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கினான். ஒன்று. இரண்டு. இரண்டும் அவன் கையில் இருந்தன. தெருவிலிருந்து இந்த வீட்டுக்குள் வருகிற வழி அவன் உள்ளங்கையில் அறுந்து கிடந்தது. கூடத்து விளக்கு இன்னும் கொஞ்சம் கூடி எரிந்தது.

எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தோ வந்தால்தானே அறுக்கலாம்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது, தண்ணீர் வருகிறதுங்க, ஸ்டூல் காலைத் தொட்டுவிட்டது, என்ன செய்ய என்று. அவன் வாயைத் திறந்தான். நில்லு என்று சொல்ல. அசையாதே என்று சொல்ல.

அவன் சொல்வதற்கு முன்னால் அவன் குரல் கேட்டது.

குளியலறையிலிருந்து. அவனுடைய குரல்தான். வாடிக்கைக்காரர்களிடம் வேலை முடிந்ததும் பேசுவானே, கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் அவசரமுமாக, அந்தக் குரல்.

"முடிஞ்சுதும்மா. பயப்படாம இறங்கு."

"சரிங்க," என்றாள் மனைவி.

அவன் கத்தினான். தண்ணீர்ச் சத்தத்தில் அது அவன் காதுக்கே எட்டவில்லை. வாசற்படியில் முழங்காலை இடித்துக்கொண்டு, எழுந்து, கூடத்துக்குள் பாய்ந்து, நின்றான்.

ஒரு கால் ஸ்டூலில். ஒரு கால் தண்ணீரில்.

விழவில்லை. நின்றாள். குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது. பல் கிட்டித்திருந்தது. வலது கை முன்னால் நீண்டு, ஒன்றுமில்லாத இடத்தில் விரல்களை மூடி, இல்லாத எதையோ இறுகப் பிடித்திருந்தது. அந்த மணிக்கட்டில், அவன் சற்றுமுன் டெஸ்டர் வைத்த இடத்தில், தோல் நாலு இடத்தில் பள்ளமாக அமுங்கியிருந்தது. வேறொரு கை அவள் கையைப் பிடித்து, விடாதே என்று அழுத்துவதைப்போல. பள்ளங்கள் ஈரமாக இருந்தன.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவன் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஆளைத் தொடாதே. மரக்கட்டையால் வயரைத் தட்டிவிடு. மெயினை அணை. அவன் மூலையில் கிடந்த துடைப்பக் கட்டையை எடுத்தான். எதைத் தட்டிவிடுவது? வயர் இல்லை. கட்டையால் அவளைத் தள்ளினான். அவள் அசையவில்லை. சுவரைத் தள்ளுவது போலிருந்தது. திரும்பவும் தள்ளினான், தோள் வலிக்க. கட்டை முறிந்தது.

விளக்குகள் ஏறிக்கொண்டே போயின. கூடம், அறை, சமையல்கட்டு, மிஷினின் சின்ன பல்பு, எதுவும் பாக்கியில்லை. யாரும் மிதிக்காத மிஷின் ஓடத் தொடங்கி, அறுபதாவது சட்டையின் கையைத் தைத்துக்கொண்டிருந்தது.

கையால் பிடித்து இழுத்தால் வருவாளோ என்னவோ. அவன் கையை நீட்டினான். ஒரு சாண் இருக்கும்போது அவன் ரோமமெல்லாம் அவள் பக்கம் சாய்ந்தது. விரல் நுனி கடித்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

அவளுக்கு நினைவு இருந்தது. கண் அசைந்தது. அது ஒன்றுதான் அசைந்தது. முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் பின்னால் இழுத்துக்கொண்ட கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, பார்வை கீழே இறங்கி, தண்ணீருக்கு நடுவில் உலர்ந்து நின்ற அவனுடைய ரப்பர் செருப்பில் வந்து நின்றது. அங்கேயே நின்றது.

மணி ஆறு பத்து. அவன் செருப்பைக் கழற்றவில்லை.